மாடி ஏறாத கணக்கு

என் அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். கொதிக்கிற மெஷினிலிருந்து விரிப்புகளை இழுத்துப் போட்டு, மடித்து, வார்டு வார்டாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்பு. எங்கள் தெருவில் யார் எந்தக் கட்டிலில், என்ன சீக்கோடு கிடந்தார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. ஆனால் என்னிடம்கூட ஒரு வார்த்தை விட்டதில்லை. கேட்டால், "உன் வேலை வண்டி ஓட்டறது, ஓட்டு" என்பாள்.

மாமா போன பிறகு ஒற்றை மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். அந்த மகள் அடி தாங்க முடியாமல் கைக்குழந்தையோடு திரும்பி வந்துவிட்டாள். அக்கா இருப்பதோ மூன்றாவது மாடியில் ஒரே ஓர் அறை. ஓர் ஆள்தான் இருக்கலாம் என்று சொல்லித்தான் கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்திருந்தார். ஒரு வாளி தண்ணீர் கூடுதலாகச் செலவானாலும் ஓடிப்போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்க்கிற மனிதர். அவருக்கு நாங்கள் வைத்த பேரே மீட்டர். வேறு இடம் கிடைக்கிறவரை, குழந்தை அழுதால் டிவியைச் சத்தமாக வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள் அக்கா.

அந்த நேரம் பார்த்துத்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்து சேர்ந்தது. கணக்கெடுக்க வந்தவருக்குப் புதுப் பை, புதுத் தொப்பி, புதுக் குடை, கையில் புது டேப்லெட். எல்லாம் நம் வரிப்பணம். டேப்லெட் திறக்கவே இல்லை, மறுபடியும் காகிதம்தான். அதையாவது தூக்கிக்கொண்டு மாடி ஏறினாரா? மீட்டர் வீட்டு நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துவிட்டு, படிவங்களை மொத்தமாக அவரிடமே நீட்டினார். "உங்க குடித்தனக்காரங்கதானே, நீங்களே கேட்டு எழுதி வச்சிடுங்க."

வீட்டுக்காரனையே குடித்தனக்காரன் வண்டவாளத்தை எழுதச் சொன்னால் விடுவானா? மீட்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். யாருக்கு என்ன படிப்பு, யாருக்கு எத்தனையாவது கல்யாணம் என்று படிக்கட்டில் நின்று உரக்கக் கேட்டு எழுதினார்.

அக்கா கதவைக் கால்வாசி திறந்து நின்றாள்.

"எத்தனை பேரும்மா?"

"அதைக் கணக்கெடுக்கிறவரு வந்து கேக்கட்டும்ண்ணே. நீங்க கேக்கக் கூடாது."

"ஏன், நான் கேட்டா உன் கிரீடம் எறங்கிடுமா?"

"எனக்கேது கிரீடம்? உங்க வாய்க்குத்தான் பயப்படறேன்."

மீட்டர் முறைத்துவிட்டு இறங்கிப் போனார். நான் அக்காவைத் திட்டினேன். "ஒரு ஆள்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"டேய், இந்தப் புள்ளை பொறந்து இதான் முதல் கணக்கு. அவ புருஷன் வீட்டுல இதுங்க பேரை எழுதியிருப்பாங்கன்னு நினைக்கிறியா? நானும் இல்லைன்னு சொல்லிட்டா, இதுங்க ரெண்டும் எங்கதான் இருக்குதுங்க?"

வண்டியை எடுத்தேன். கணக்கெடுப்பு அலுவலகத்துக்குப் போனோம். 'உங்கள் விவரங்கள் ரகசியம்' என்று சுவரில் பெரிதாகப் போஸ்டர். அதே போஸ்டர் கட்டுக் கட்டாக, பிரிக்கப்படாமல், கழிவறைப் பக்கம் நனைந்து கிடந்தது. அதிகாரி நல்ல மாதிரிதான். அக்கா சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "இப்பவே முடிச்சிடலாம்மா" என்று போனை மேஜை மேல் வைத்து, கணக்கெடுக்க வந்த அந்தப் புதுப் பைக்காரரை ஸ்பீக்கரில் கூப்பிட்டார்.

"அந்த மூணாவது மாடியில அம்மா, வாழாம வந்த பொண்ணு, ஒரு கைக்குழந்தை. மொத்தம் மூணு பேர். வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாதாம், பாத்துப் பண்ணுங்க."

"சரிங்க சார்" என்றது போன். அதன் பின்னாலேயே ஓர் இருமல். அக்கா என் கையை இறுகப் பிடித்தாள். அது மீட்டரின் இருமல்.

"பக்கத்துல யாருய்யா?"

"வீட்டுக்காரருதான் சார். அவரு வீட்டுலதான் உக்காந்திருக்கேன். சிக்னல் சரியில்லைன்னு நானும் ஸ்பீக்கர்ல போட்டுட்டேன்."

அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு புகார் எழுதிக் கொடுங்கம்மா, நடவடிக்கை எடுக்கறேன்."

"எழுதினா அதை விசாரிக்க யாரை அனுப்புவீங்க சார்?"

அந்த ஏரியாவுக்கு இருப்பது ஒரே பைக்காரர்.

மீட்டர் படிக்கட்டில் காத்திருந்தார். கத்தவில்லை. "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடும்மா" என்றார், அவ்வளவுதான். நான் சட்டைக் கையை மடித்தேன். அக்கா என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டு மேலே ஏறினாள். அலைந்து திரிந்து, டயர் கடைக்குப் பின்னால் ஓர் அறை பிடித்தோம்.

சாமான் ஏற்றுகிற அன்றைக்கு வந்து நிற்கிறார் பைக்காரர், குடையோடு. "இப்பச் சொல்லுங்கம்மா, எத்தனை பேர்?"

"மூணு."

அவர் வண்டியைப் பார்த்தார். "காலி பண்றீங்க போல? அப்ப நான் காலி வீடுன்னுதான் போடணும். போற எடத்துல எழுதிக்குவாங்க."

போன இடத்தில் கதவில் ஏற்கெனவே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்களை எண்ணி முடித்துவிட்டார்கள். நான் போன் போட்டுக் கத்தினேன். "அந்த ஏரியா க்ளோஸ் ஆயிடுச்சுங்க. அடுத்த கணக்குல பாத்துக்கலாம்" என்றான் ஒருத்தன். அடுத்த கணக்கு வரும்போது இந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்.

அக்கா குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, கரண்டிக் காம்பால் அந்த ஸ்டிக்கரைச் சுரண்டினாள். வெந்நீர் ஊற்றியும் பார்த்தாள். கதவில் இருந்த பெயின்ட்தான் பெயர்ந்து வந்தது. இத்தனை கோடி செலவில் அவர்கள் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அந்தப் பசைதான்.