சீகாவைத் தொலைத்த பெட்டி

ஷவ்கியின் அக்கார்டியன் சத்தம் கேட்காமல் எங்கள் ஷுப்ரா பேட்டையில் எந்த மாப்பிள்ளையும் வண்டியை விட்டு இறங்கியதில்லை. ஆனால் கடையில் வாங்கும் அக்கார்டியன் பெட்டியில் சீகா என்ற சுரம் கிடையாது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே இன்னொரு சுரம் இருப்பதே அதைச் செய்த வெள்ளைக்காரனுக்குத் தெரியாது, பாவம். சீகா இல்லாத பாட்டை கெய்ரோவில் யார் கேட்பார்கள்? அதனால் கல்யாணமான புதிதில் ஷவ்கி பெட்டியைப் பிரித்துப் போட்டு, உள்ளே சுரம் எழுப்பும் ரீடுத் தகடுகளைப் பிளேடால் சுரண்ட உட்கார்ந்தார்.

"நவால், அந்தச் சீகாவைக் கொஞ்சம் பாடு."

"இங்க பூண்டு கருகுது. உங்க பெட்டிக்கு நான்தான் சுதிப்பெட்டியா?"

"பின்ன, கட்டிக்கிட்டதே அதுக்குத்தானே!"

அவள் பூண்டைக் கிளறிக்கொண்டே பாடினாள். அவள் குரலோடு ரீடு ஒட்டும்வரை அவர் சுரண்டினார். முப்பத்தெட்டு வருஷம் ஷுப்ராவின் மணப்பெண்கள் அந்தச் சுரத்துக்குத்தான் ஆடினார்கள். அது தன் குரல் என்று நவால் வீட்டுக்கு வெளியே ஒருவரிடமும் சொன்னதில்லை. மனசுக்குள் மட்டும் கர்வம் இருந்தது.

ஷவ்கி போய் மூன்று வருஷமாகிறது. துருத்தி கிழிந்த பெட்டி பீரோ மேல் கிடந்தது. அந்த ஒரு சுரத்தை மறுபடி கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்குச் சோறு இறங்காத ஏக்கம். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் ஹிஷாம் பெட்டியை எடுத்துப்போய், அங்கே பழுது பார்க்கக் கொடுத்து, இந்தக் கோடையில் கொண்டுவந்தான். வந்த கையோடு வாசித்தும் காட்டினான்.

"அந்தக் கட்டையை இன்னொரு தடவை அமுக்குடா."

அமுக்கினான். சீகா இருக்கவேண்டிய இடத்தில் வேறு ஏதோ மொட்டையாக நின்றது. ஹிஷாமின் முகம் செத்துப்போயிற்று.

"சுதி விலகியிருக்குன்னு ரிப்பேர்காரன் சொன்னாம்மா. நானும் யோசிக்காம, சரி பண்ணுன்னுட்டேன்."

"சரி பண்ணிட்டானாக்கும்! நல்லா இருப்பான்."

சொல்லிவிட்டு அழுதாள். ஷவ்கி இறந்த அன்றுகூட இப்படி அழவில்லை. ஹிஷாம் ஓடிப்போய் ஒரு பிளேடு வாங்கிவந்து பெட்டியைப் பிரித்தான்.

"அழாதம்மா. நீ பாடு. அப்பா மாதிரியே நான் சுரண்டித் தர்றேன்."

நவால் பாடினாள். கொஞ்சம் இறங்கினாற்போல இருந்தது. மறுபடி பாடினாள், ஏறினாற்போல இருந்தது. நாலு தடவை பாடினாள், நாலும் வெவ்வேறு இடத்தில் நின்றன.

"இதுல எதும்மா சரி?"

அவள் அவன் கையிலிருந்த பிளேடை வாங்கிக் கீழே வைத்தாள்.

"எனக்கெப்படிடா தெரியும்? நான் பாட்டுக்குப் பாடுவேன். உங்கப்பா தலையாட்டினா, அதான் சரி."