வேனில் காத்திருந்தவர் இல்லை லிங்கம்

பன்வில ஊர் லிங்கம் போய்விட்டார்.

நேற்றுக் காலை வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்தாறு வயது.

எங்கள் நடைக் குழுவின் முகநூல் பக்கத்தில் நேற்றே ஒரு போஸ்ட். "நாங்கள் நடந்து முடித்து வரும்வரை வேனிலேயே பொறுமையாகக் காத்திருந்த எங்கள் அன்புச் சாரதி..." கீழே வரிசையாகக் கும்பிடு, கண்ணீர், பூங்கொத்து.

வேனிலேயே காத்திருந்தாராம்! இப்படி எழுத எப்படித்தான் கை வந்ததோ...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கண்டியில் இருந்து வருஷத்துக்கு ஒருமுறை நாங்கள் பத்துப் பதினைந்து பேர் புத்தளம் பக்கம் போவோம். கடலோரப் பாதையில் ஒரு பகுதி, உப்புச் சதுப்பு வழியாக அரை நாள் நடை. லிங்கத்தின் வேன்தான் எப்போதும்.

மலையில் வளர்ந்தவர்களுக்கு ஏற்றம் இறக்கம் தெரியும். சேறு தெரியாது. முதல் வருஷம் எல்லோரும் முழங்கால் வரைக்கும் அட்டைக்குப் போடும் சொக்ஸோடு போய் இறங்கினோம். நான் இன்னும் ஒரு படி மேலே... அட்டை கடித்தால் போடலாம் என்று பையில் ஒரு பொட்டலம் உப்பு வைத்திருந்தேன். உப்பு விளைகிற இடத்துக்கு உப்போடு போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். லிங்கம் அதைச் சொல்லிச் சொல்லி, திரும்பி வந்து கண்டிக்குள் நுழையும் கட்டுகஸ்தோட்டைப் பாலம் ஏறும்வரை சிரித்தார்.

அந்த ஒரு வருஷம்தான் அவர் எங்களோடு நடக்கவில்லை. அப்போதும் வேனுக்குள் இருக்கவில்லை. இறால் பிடிக்கப் போன பெண்களின் பின்னால் போய், அவர்கள் எங்கே கால் வைக்கிறார்கள், எங்கே சுற்றிப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

அடுத்த வருஷம் தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். குழுத் தலைவர் போனில் மெப்பைப் பார்த்து, வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்த ஒரு வெளியைக் காட்டி, குறுக்கே போகலாம் என்றார். லிங்கம் வேண்டாம் என்றார். நீ வேனைப் பார், வழியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தலைவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

நான் தலைவர் சொன்னபடி போனேன். பத்து அடிகூட இல்லை... மேல் உப்பு உடைந்து தொடை வரைக்கும் இறங்கிவிட்டேன். அசைய அசைய இன்னும் உள்ளே. தலைவர் தூரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். லிங்கம்தான் சேற்றில் குப்புறப் படுத்து என்னை இழுத்து எடுத்தார். ஒரு சப்பாத்து அங்கேயே போய்விட்டது.

"உமரிச் செடி இருக்கிற பக்கமா வாங்கக்கா, அங்கதான் தரை கெட்டி. வெள்ளையா இருக்கிறது மேல மட்டுந்தான் காஞ்சிருக்கு."

தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர் வடியக் கான் வெட்டியவர் அவர். தண்ணீர் எந்த மண்ணில் நிற்கும், எதில் ஓடிவிடும் என்று பார்த்தவுடன் சொல்வார். அந்த நாளில் இருந்து ஒவ்வொரு வருஷமும் முன்னால் அவர், பின்னால் நாங்கள். திரும்ப வேண்டிய இடங்களில் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டி வைத்ததும் அவர்தான்.

அந்தக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் போனில் குறித்து, குழுவின் பக்கத்தில் மெப்பாகப் போட்டார்கள். 'வழி கண்டறிந்தவர்' என்று தலைவருடைய பெயர். நானும் அதற்கு ஹார்ட் போட்டேன். ஆமாம், நானும்தான்.

பிறகு ஒருநாள் அதைப் பார்த்தீர்களா என்று லிங்கத்திடம் கேட்டேன்.

"பாத்தேன்க்கா. குச்சி நட்டது நாந்தான்னாவது போட்டிருக்கலாம்."

தலைவரிடம் பேசுகிறேன் என்றேன். பேசவில்லை. யார் அவரிடம் வாயைக் கொடுப்பது என்று விட்டுவிட்டேன்.

இன்றைக்குக் காலை செத்த வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி புஷ்பம் என் கையைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். மகள் அந்த போஸ்டைத் தாய்க்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

"முன்னால நடந்து எல்லாரையும் கூட்டிட்டுப் போறது நாந்தான்னு எங்ககிட்ட சொல்லுவாரு. இதுல வேன்லயே இருந்தாருன்னு போட்டிருக்கு. சும்மா பெருமைக்குச் சொன்னதாக்கா?"

புருஷனை நடுவீட்டில் கிடத்திவிட்டு, அவர் தன்னிடம் பொய் சொன்னாரா என்று ஒரு மனுஷி கேட்கிறாள். கேட்க வைத்துவிட்டார்களே, பாவிகள்!

"பொய்யில்ல புஷ்பம். முன்னால நடந்தது அவருதான். அந்த எடம் எப்படி இருக்கும்னுகூட எனக்குச் சரியாத் தெரியாது. ஒவ்வொரு வருஷமும் அவரு குதிகாலப் பாத்துக்கிட்டேதான் நடந்தேன்."

சத்தமாகத்தான் சொன்னேன். மலர்வளையத்தோடு வந்து நின்ற குழுக்காரர்கள் இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்டிருக்கும். ஒருவர் போனை எடுத்து நோண்டத் தொடங்கினார். மற்றவர் உட்காரக் கதிரை தேடினார்.

திரும்பி வரும் வழியிலேயே தலைவரிடம் இருந்து போன் கோல். செத்த வீட்டில் எதற்குப் பிரச்சினை, ஒரு சொல்தானே, எல்லாம் ஆறட்டும், பிறகு மாற்றலாம் என்றார்.

பிறகு எப்போது ஐயா? அவரை அடக்கம் செய்த பிறகா?

அந்தப் பாதையில் அவருக்குப் பின்னால் நடந்தவர்கள் இதை வாசித்தால், தயவுசெய்து கும்பிடு போட்டுவிட்டுப் போகாதீர்கள். அவர் எங்கே நடந்தார், நீங்கள் எங்கே நடந்தீர்கள் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். மகள் வாசித்துக் காட்டுவாள். நாளைப் பகல் எடுக்கிறார்கள், அதற்கு முன்னால் புஷ்பம் கேட்கட்டும்.

முதல் வரி என்னுடையது. சேற்றில் இறங்கியவள் நான். இழுத்து எடுத்தவர் லிங்கம். வழி அவருடையது.

போய் வாங்க, லிங்கம்...