இரண்டு கம்பியும் ஒரு கைக்கடிகாரமும்

மணியக்காவுக்குப் பொறாமை கிடையாது. இதை அவரே பல பேரிடம், யாரும் கேட்காதபோதும், சொல்லியிருக்கிறார்.

பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக மணி அடிப்பவர் அவர். நடைவழிக் கோடியில் தொங்கும் தண்டவாளத் துண்டை அவர் தட்டினால் எண்ணூறு பேர் எழுந்திருப்பார்கள். மறுபடி தட்டினால் உட்காருவார்கள். எப்போது தட்டுவது என்பதை அவருடைய இடது கைக்கடிகாரம் சொல்லும். தலைமையாசிரியை அறையில் ஒரு சுவர்க்கடிகாரமும் உண்டு. அதற்கு பேட்டரி மாற்றி நேரம் வைப்பதும் மணியக்காதான் என்பதால், அதுவும் அவர் பேச்சைத் தட்டியதில்லை.

இந்த ராஜ்ஜியத்துக்குள் நாலு வருஷத்துக்கு முன் கணக்கு டீச்சராக வந்து சேர்ந்தது சொந்த ஓரகத்தி, கணவரின் தம்பி மனைவி. ஒரே வீடு; கீழே மூத்தவர், மாடியில் இளையவர். பள்ளியில் காலியிடம் இருப்பதைச் சொல்லி, கூட்டிக்கொண்டு போய் விட்டதே மணியக்காதான். நாமே கூட்டி வந்த ஆள்மேல் வயிறெரிவது சிரமமான காரியம். திட்டுகிற திட்டில் பாதி நம்மேலேயே விழும்.

மாடிக்கு வெயில், கீழ்வீட்டுக்கு இருட்டு. பட்டம் இரண்டு அங்கே, ஒன்றுகூட இல்லை இங்கே. இதெல்லாம் போகட்டும் என்று மணியக்கா விட்டுக்கொடுத்திருந்தார். நேரம் மட்டும் அவருடையதாக இருந்தது.

அதிலும் கைவைத்தாள் ஓரகத்தி.

பள்ளி முற்றத்தில், படுக்கவைத்த கதவளவுக்கு அவள் கட்டவைத்த ஒரு சிமென்ட் மேடை. அதன்மேல் பழைய இரும்புத் தூண்களுக்கு இடையே சைக்கிள் பிரேக் கம்பி இரண்டு, விறைப்பாக. ஒன்று தெற்கு வடக்காக, ஒரு சாண் உயரத்தில். இன்னொன்று கிழக்கு மேற்காக, அரைச்சாண் உயரத்தில். வெயிலில் இரண்டின் நிழலும் மேடையில் ஒன்றையொன்று வெட்டும். வெட்டுகிற புள்ளி எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் மணி. கம்பிகளின் உயரம் சரியான விகிதத்தில் இருந்தால் மணிக்கோடுகள், கடிகார முகத்தில் இருப்பதுபோல, சம இடைவெளியில் அமையுமாம். சூரியனும் ஊர்க் கடிகாரங்களும் வித்தியாசமில்லாமல் ஒத்துப்போகிற வாரமாகப் பார்த்து டீச்சர் தொடக்க நாள் குறித்திருந்தார்.

"திங்கக்கிழமை உச்சி வேளையில ஆரம்பிக்கிறோம். அந்த வாரம் பூரா இதைப் பாத்துதான் மணி அடிக்கணும்" என்றார் தலைமையாசிரியை.

அன்று மாலை கொடியில் துணி எடுக்கும்போது மணியக்கா கேட்டார்: "மேகம் வந்தா என்ன பண்ணுவியாம்?"

"அப்பதான் நீங்க இருக்கீங்களே அக்கா!"

டீச்சர் அன்பாகத்தான் சொன்னார். மணியக்காவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் உழைத்துவிட்டு, மேகம் வந்தால் மட்டும் மாற்று ஆள்!

வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பிறகு, கதவு பூட்டுகிற சாக்கில் முற்றத்துக்கு வந்தார். மேல்கம்பி பற்றவைக்கப்பட்டிருந்தது. கீழ்க்கம்பிக்கு மட்டும் இரு முனையிலும் திருகு. இரண்டையும் தளர்த்தி, கம்பியை ஒரு விரற்கடை உயர்த்தி முடுக்கினார். பிறகு, கோயிலுக்குப் போய் வந்தவர்போல நிம்மதியாக வீட்டுக்கு நடந்தார்.

திங்கள் உச்சி. மேடையைச் சுற்றி ஆசிரியைகள் அத்தனை பேரும். தலைமையாசிரியை கைபேசியைப் பார்த்துக்கொண்டே "பன்னெண்டு!" என்றார். நிழல்கள் வெட்டிய புள்ளி பன்னிரண்டாம் கோட்டின்மேல் அச்சடித்ததுபோல நின்றது. ஒரே கைதட்டல்.

மணியக்காவின் கடிகாரத்தில் பன்னிரண்டு தாண்டி இரண்டு நிமிஷம். கைபேசியும் பழுது என்று முடிவு செய்தார்.

பாவம், அவருக்குத் தெரியாது. உச்சியில் நேரம் சொல்வது தெற்கு வடக்குக் கம்பி ஒன்றுதான். மற்றதை எவ்வளவு உயர்த்தினாலும் புள்ளி அதே கோட்டில்தான் முன்னே பின்னே நகரும். அவர் செய்த வேலை வெளியில் தெரிய வெயில் சாய வேண்டும்.

சாய்ந்தது. ஒரு மணிக்கு நிழல் பத்து நிமிஷம் பின்தங்கியது. மூன்று மணிக்கு இருபது. கேட்ட வரம் கிடைத்துவிட்டது. நிழல் சொன்னபடி அடித்தால் போதும், பள்ளி முழுக்கச் சிரிக்கும். ஆனால் யாரைப் பார்த்து? "மணியக்கா இன்னைக்கு லேட்டா அடிச்சாங்க" என்றுதான் முதலில் சொல்வார்கள். ஒரு நாளும் பிசகாத கை. ஓரகத்தியைக் கவிழ்க்க அந்தக் கை பிசக வேண்டும்.

கை மறுத்துவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தே அடித்தார்.

நாலு மணி அடித்ததும் தலைமையாசிரியை தன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சன்னல் வழியே தலையை நீட்டினார். "பாத்தீங்களா, நிழல் எவ்வளவு கரெக்டு!"

"ஆமாம்மா" என்றார் மணியக்கா. அந்த ஒரு சொல்லை அவர் பல்லுக்கிடையில் அரைத்து எடுக்க வேண்டியிருந்தது.

மூன்று நாள் இப்படிப் போனது. உழைப்பது தன் கடிகாரம், பேர் வாங்குவது அவள் நிழல். புதன்கிழமை மாலை, பள்ளி காலியானதும் கம்பியைப் பழைய இடத்துக்கே இறக்கிவிடலாம் என்று போனார். பழைய இடம் எது? தூணெல்லாம் ஒரே துரு. அடையாளம் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. அவருக்கு ஒரே வழிதான் தோன்றியது. தன் கடிகாரம் நாலரை காட்டும்வரை காத்திருந்து, வெட்டுப்புள்ளி நாலரைக் கோட்டில் வந்து உட்காரும்வரை கம்பியை இறக்கி முடுக்கினார். இப்போது சூரியனே தன் கைக்கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டுவிட்டதாக ஒரு நினைப்பு வந்தது. வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

மறுநாள் மாலை, கொடியடியில் டீச்சர் துணி மடித்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, உங்க வாட்ச் ரெண்டு நிமிஷம் முன்னாடி ஓடுது."

"யார் சொன்னா?"

"கம்பிதான். தூணுக்குப் பின்பக்கம் பென்சில்ல கோடு போட்டு வச்சிருந்தேன். திங்கக்கிழமை அதுக்கு ஒரு விரல் மேல இருந்துச்சு. இன்னைக்கு ரெண்டு மில்லிமீட்டர் கீழ இருக்கு. உங்க வாட்ச்சப் பாத்து இறக்கினா அப்படித்தான் வரும்."

மணியக்கா ஒரு தலையணை உறையை நாலு தடவை உதறினார். "திங்கக்கிழமையே தெரியுமா?"

"ஒரு மணிக்கே."

"ஏன்டி சொல்லல?"

"நீங்க சரியாத்தானே அடிச்சீங்க அக்கா. சொல்ல என்ன இருக்கு?"

"அந்த ரெண்டு மில்லிமீட்டரை ஏத்திட்டியா?"

"ஏத்தல. இத்தனை வருஷமா பள்ளிக்கூடமே அந்த ரெண்டு நிமிஷத்துலதானே ஓடுது. இருந்துட்டுப் போகட்டும்."

சிமென்ட் மேடையைப் பொறுத்துக்கொள்ளலாம், கைதட்டலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் பெருந்தன்மையை எப்படிப் பொறுப்பது? அதிலும் அவள்தானா முதல்?

வெள்ளிக்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் பள்ளிக்குப் போனார் மணியக்கா. தூணுக்குப் பின்னால் குனிந்து, பென்சில் கோட்டுக்குச் சரியாகக் கம்பியை ஏற்றி முடுக்கினார். உச்சியில் புள்ளி பன்னிரண்டைத் தொட்டபோது தன் கடிகாரத்தை இரண்டு நிமிஷம் பின்னால் தள்ளினார். அன்று எண்ணூறு பேர் வழக்கத்தைவிட இரண்டு நிமிஷம் தாமதமாக வீட்டுக்குப் போனார்கள்; ஒருவரும் கவனிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அவர் மறுபடி முற்றத்துக்கு வந்தார். கட்டைவிரலை எச்சிலில் தொட்டு அந்தப் பென்சில் கோட்டை அழித்தார். அதே இடத்தில், ஒரு மயிரிழைகூட மாறாமல், சாவி முனையால் தானே ஒரு கோடு கீறினார்.