சுமத்ரா காற்றும் காப்பார் கல்யாணமும்

கோலாலம்பூருக்குப் போகிறவர்கள் கோபுரம் பார்ப்பார்கள், பத்துமலை ஏறுவார்கள். நான் இடிமழை பார்க்கப் போனேன். அருப்புக்கோட்டைக்காரன் ஒருவன் மழைக்காக விமானம் ஏறியதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. சித்திரை மாதத்தில் எங்கள் ஊர் வானத்தை ஒரு நாள் அண்ணாந்து பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பேருந்தில் பதினைந்து ரிங்கிட். அங்கிருந்து தமிழர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தே போய்விடலாம். அந்தக் கொஞ்ச தூரத்திலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊர் வெயில் சுடும். இது வெந்நீரில் நனைத்த துணியை மேலே போர்த்தியது போல இருந்தது. பூக்கடைகளில் மல்லிகைச் சரங்களின் மேல் ஓயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் தங்கியது என் நண்பனின் உறவினரான ரோஸ்லின் அக்கா வீட்டில். பல் மருத்துவமனையில் தாதி. அவருடைய அப்பா ரயில்வேயில் வேலை பார்த்ததால் பிறந்து வளர்ந்தது எல்லாம் பிரிக்பீல்ட்ஸ்தான். ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடமாட்டார். தவறவிட்டால் அன்று எங்கோ மேகம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். மின்னலைப் படம் பிடிப்பது அவருக்குப் பித்து. வீட்டு வரவேற்பறைச் சுவர் முழுக்க மின்னல்கள்.

"சரியான நேரத்துக்கு வந்தீங்க தம்பி," என்றார், என் பையைக்கூட இறக்க விடாமல். "செவ்வாய்க்கிழமையிலிருந்து பெரிய சூடு வருதாம். மழையே இருக்காதுங்கிறாங்க. ஸ்கூல்ல பிள்ளைங்கள வெயில்ல விளையாட விடக்கூடாதுன்னு இப்பவே சொல்லிட்டாங்க. அதுக்குள்ள நமக்கு ஒன்னு கிடைச்சா போதும் லா."

சனிக்கிழமை வானம் எங்களை ஏமாற்றியது. செராஸ் பக்கம் மேகம் மலைபோல் எழுந்தது, உள்ளுக்குள் மின்னியது, இடியும் கேட்டது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சொட்டு விழவில்லை. அடுக்குமாடியின் எட்டாவது மாடி நடைபாதையில் நின்று, அடுத்தவர் வீட்டு விருந்தைச் சன்னல் வழியாகப் பார்ப்பது போல அந்த மழையைப் பார்த்தோம்.

ஞாயிறு விடியும் முன்பே அக்கா என் அறைக் கதவைத் தட்டினார். கையில் கைப்பேசி. திரையில் மலாக்கா நீரிணையின் மேல் வில்லாய் வளைந்த சிவப்புக் கோடு ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது.

"சுமத்ராவுல இருந்து வருது. இந்த மாதிரி காத்து வரிசையா வரும், கரைய தொட்டா வெறித்தனமா அடிக்கும். காப்பாருக்குப் போயிட்டா நேரா மூஞ்சியில வாங்கலாம். கிளம்புங்க."

அவருடைய பழைய சிறு காரில் கிள்ளான் வரை ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். அங்கே தோசையும், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீரும் சாப்பிட்டோம், ஆளுக்கு ஏழு ரிங்கிட். அக்கா பாதித் தோசையில் எழுந்துவிட்டார். கிள்ளானிலிருந்து வடக்கே போனால் காப்பார். செம்பனை எனும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கடலைப் பார்த்துப் போகும் ஒரு குறுகிய சாலையில் திரும்பினோம். மேற்கு வானம் திறந்து கிடந்த நல்ல இடம் ஒன்று கிடைத்தது. ஆனால் அதை ஒட்டியிருந்த வீட்டில் கல்யாணம். நான்கு பெரிய கூடாரங்கள், இரும்புக் கால்கள், பனியன் நனைய நாற்காலி அடுக்கும் ஆட்கள், ஆள் உயர மின்விசிறிகள். நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். காலையிலேயே வெயில் கொளுத்தியது.

அக்கா முக்காலியை ஊன்றினார். அடிவானத்தில் மெல்லிய கருங்கோடு தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தடித்தது. கரைக்கு மேலே ஒரு மேகம் சுருட்டிய பாய் போலக் குறுக்கே நீண்டு உருண்டு வந்தது. அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

அக்கா மேகத்தைப் பார்த்தார். பிறகு கூடாரங்களைப் பார்த்தார். "தம்பி, காமெராவ கார்ல வைங்க," என்றார்.

பெண்ணின் அப்பா சேகரன், லாரி ஓட்டுபவர், வாசலில் வரவேற்றுக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் நேராகச் சொன்னார்: "அண்ணே, பெரிய காத்து வருது. கூடாரம் நிக்காது. ஆளுங்கள வேற இடத்துக்கு மாத்துங்க."

அவர் சிரித்தார். "இந்த சூட்டுக்கு பயந்துதான்மா இவ்ளோ பெரிய கூடாரமே போட்டோம். மழை வந்தா நல்லதுதானே. மாப்பிள்ளை வீடு செமினியில இருந்து கிளம்பியாச்சு. மணவறைய இப்ப எங்க தூக்கிட்டுப் போறது?"

"உயிர் போனா என்னண்ணே பண்ணுவீங்க?" என்றார் அக்கா. நல்ல நாளில் சொல்லக்கூடாத சொல். சுற்றி நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அங்கிருந்து போய்விட வேண்டும் போல இருந்தது.

அப்போது மணப்பெண் கவிதா வாசலுக்கு வந்தாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. எங்களைப் பார்க்கவில்லை, எங்கள் தலைக்கு மேலே வானத்தைப் பார்த்தாள். பிறகு நேராக மணவறைக்குப் போய்க் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டாள்.

"அப்பா, நான் பாலாய் ராயாவுக்குப் போறேன். கல்யாணம் அங்கதான். வர்றவங்க வாங்க."

பாலாய் ராயா என்பது சாலைக்கு எதிரே இருந்த கிராமத்துப் பொதுமண்டபம். அதன் சாவி பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவரிடம் இருந்தது. "பாக் சிக்" என்று, நாம் மாமா என்பது போல, கவிதா ஒரு குரல் கொடுத்ததும் அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். "செப்பாட், செப்பாட்," என்று எல்லோரையும் விரட்டினார். சீக்கிரம், சீக்கிரம்.

மணப்பெண்ணே நடந்த பிறகு யார் நிற்பார்கள்? நாற்காலி, தாம்பாளம், தவில், தூங்கும் குழந்தை என்று கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு கூட்டம் சாலையைக் கடந்தது. முன்பின் தெரியாத ஒருவரும் நானும் சாம்பார் அண்டாவை ஆளுக்கொரு பிடியாகத் தூக்கினோம். அக்கா சமையல்காரரிடம் அடுப்பை அணைக்கச் சொல்லிக் கத்தினார். வெளிச்சம் மங்கி எல்லாம் பச்சையாகத் தெரிந்தது. திடீரென்று குளிர்ந்தது. அத்தனை நேரம் இருந்த புழுக்கத்தை யாரோ ஒரே இழுப்பில் உருவிக்கொண்டது போல.

மண்டப வாசலில் கவிதா கேட்டாள், "அப்பா எங்க?"

திரும்பிப் பார்த்தேன். கூடாரத்தின் இரும்புக்காலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார் சேகரன். மற்ற கால்கள் காற்றில் தரையை விட்டு எழும்பிக் குதித்தன. நான் ஓடினேன். எப்படி ஓடினேன் என்று இப்போது யோசித்தால் வியப்பாக இருக்கிறது.

"விடுங்கண்ணே, போனா போகுது."

"எல்லாம் நான் பார்த்துப் பார்த்துப் போட்டது தம்பி," என்றார். அழுதுகொண்டிருந்தார். கூடாரம் அவரையும் சேர்த்து ஒரு முழம் தூக்கியது. நான் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். அவர் விட்டார். இருவரும் புல்லில் விழுந்தோம். கூடாரம் கால்களோடு எழுந்து, வேலியைத் தாண்டி, செம்பனை மரங்களின் உச்சியில் போய் மாட்டிக்கொண்டது. அடுத்தது, அதற்கடுத்தது. அப்புறம் மழை. மின்னலும் இடியும் ஒன்றாகவே வந்தன. குனிந்தபடியே சாலையைக் கடந்தோம்.

மாப்பிள்ளை வந்த பேருந்து அந்த மழைக்குள்தான் வந்தது. அவர் சரிகை வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடி வந்தார். தகரக் கூரையில் மழை அடித்த அடியில் ஐயர் சொன்ன மந்திரம் ஐயருக்கே கேட்டிருக்காது. தவில்காரர் கையை உயர்த்தியதைப் பார்த்துத்தான் தாலி கட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு அட்சதை போட்டோம். கவிதா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். சேகரன் ஈரச்சட்டையோடு அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்," என்றார்.

அக்கா அன்று ஒரு படம்கூட எடுக்கவில்லை. திரும்பும் வழி முழுக்க அந்த மேகத்தைப் பற்றியே பேசினார். எனக்கும் பேச்சு நிற்கவில்லை. ஒருவர் பேசுவதை ஒருவர் முடிக்க விடாமல் கிள்ளானைத் தாண்டினோம்.

சொன்னபடியே செவ்வாய்க்கிழமை சூடு வந்தது. வானம் வெளிறி, மேகமில்லாமல் கிடந்தது. பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் மதியமே கதவு சாத்தினார்கள். நடைபாதையில் வேலை செய்த ஆட்களுக்குக் கடைக்காரர் ஒருவர் ஐஸ் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் நான் கிளம்பினேன்.

திருச்சியில் இறங்கி, மதுரையில் பேருந்து மாறினேன். பக்கத்து இருக்கையில் கரிசல்காட்டு விவசாயி ஒருவர். எங்கே போய் வருகிறேன் என்று கேட்டார். காற்று, கூடாரம், தாலி எல்லாவற்றையும் சொன்னேன். கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். சன்னலுக்கு வெளியே வெடித்த கண்மாய்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அவர் கல்யாணத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "அவ்வளவு தண்ணியும் எங்க போச்சு?" என்றார்.

"வாய்க்கால் வழியா கடலுக்குத்தான்."

"அவ்வளவுமா?"

"அவ்வளவும்."

காரியாபட்டி வந்தது. அவர் இறங்கினார். பேருந்து நகரும்வரை வெயிலில் நின்று, அந்தத் தண்ணீரை நான்தான் திறந்துவிட்டுவிட்டு வந்தேன் என்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.