கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்காத கப்பல்

அப்பா கடலைப் பார்த்தது ஒரே ஒரு முறை, திருச்செந்தூரில் எனக்கு மொட்டை போட்டபோது. அப்படிப்பட்டவர் தலையில்தான் உலகப் போர்க் காலத்துச் சரக்குக் கப்பல் ஒன்றைச் செய்யும் பொறுப்பு வந்து விழுந்தது. ஓசூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் அவர் காண்ட்ராக்ட் ஆள். இரும்பில் என்ன வார்க்க வேண்டுமோ அதை முதலில் மரத்தில் செய்து கொடுப்பது அவர் வேலை. முதலாளியின் தகப்பனார் போர்க்காலத்தில் ஒரு சரக்குக் கப்பலின் என்ஜின் அறையில் இருந்தவராம். முதலாளியின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அந்தக் கப்பலையே சிறியதாகச் செய்து கொடுத்து அசத்திவிட வேண்டும் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். "நீ இத மட்டும் நல்லபடியா செஞ்சு குடுப்பா, பர்மனென்ட் லிஸ்ட்ல உம் பேர நானே போடறேன்" என்று அப்பாவிடம் வாக்கும் கொடுத்தார்.

பர்மனென்ட் என்ற சொல்லை எங்கள் வீட்டில் சாமி பெயரைப்போலத்தான் சொல்வோம். அது வந்தால்தான் சாத்தூரில் பெரியம்மா வீட்டில் விட்டிருந்த என் தம்பியைக் கூட்டிவர முடியும். அம்மா அவனை நினைத்துக்கொண்டால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடெல்லாம் மரத்தூள். பளு தூக்கும் கம்பங்களுக்கு சைக்கிள் கம்பி, நங்கூரச் சங்கிலிக்கு அம்மாவின் அறுந்த கொலுசு. எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறம். எதிரிக்கு அடையாளம் தெரியக்கூடாது என்று சண்டைக் காலத்தில் கப்பலின் பெயரைக்கூட மறைத்துவிடுவார்களாம். அதனால் பெயரும் எழுதவில்லை. "வெள்ளிக் கொலுசுக்கு பெயின்ட் அடிச்ச மகராசன் உங்கப்பா ஒருத்தர்தான்" என்றாள் அம்மா. ஆனால் அக்கம்பக்கத்தவர் யார் வந்தாலும் அவளேதான் கூட்டிப்போய்க் காட்டினாள்.

விழா நாளன்று அம்மாவுக்குக் கார்மென்ட்ஸில் ஷிப்ட். அதனால் நாலாம் வகுப்புப் படித்த நான் அப்பாவோடு தொழிற்சாலைக்குப் போனேன். மேனேஜர் கொடுத்திருந்த வரைபடத்தின் அளவுப்படி பெங்களூரில் செய்த கண்ணாடிப் பெட்டி காலையில்தான் வந்து இறங்கியது. மர வேலைக் கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும். அப்பா பெட்டியைத் தூக்கிக் கப்பலின் மேல் இறக்கினார். பின்புறம் இறங்கியது. முன்மூக்கு இடித்தது. திருப்பி வைத்துப் பார்த்தார். அப்போதும் ஒரு விரல்கடை இடித்தது.

அப்பா சட்டைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

உருகிய இரும்பு ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். அதற்காகவே வார்ப்புக்கு மரத்தில் மாதிரி செய்கிறவர்கள் ஒரு தனி ஸ்கேல் வைத்திருப்பார்கள். அதில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் மயிரிழை அளவு கூடுதல். அப்பாவின் கை பழக்கதோஷத்தில் அந்த ஸ்கேலையே எடுத்துவிட்டது. மரக்கப்பல் எங்கே ஆறிச் சுருங்கப்போகிறது? ஸ்கேல் மாற்றி எடுத்தவன் என்று வெளியே தெரிந்தால் பர்மனென்ட் கிடக்கட்டும், மறுநாள் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அன்று நான் பார்த்தது அப்பாவின் காதோரம் வழிந்த வேர்வையை மட்டும்தான்.

"ஏம்ப்பா, ஆச்சா? முதலாளி கார் அத்திப்பள்ளி தாண்டிருச்சாமா" என்று வெளியிலிருந்து மேனேஜர் குரல் கொடுத்தார்.

"ஆச்சு சார்" என்றார் அப்பா. ரம்பத்தை எடுத்துக் கப்பலின் நடுவில் வைத்தார். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். கண்ணாடிப் பெட்டியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாயி, செருப்பு போட்டிருக்கியா?" என்று கேட்டார்.

"போட்டிருக்கேம்ப்பா."

"அந்தச் செவுத்து ஓரமாப் போயி நில்லு."

நின்றேன். அப்பா பெட்டியை மார்புவரை தூக்கி, கையை விட்டார்.

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடிவந்தார். அதற்குள் அப்பா என்னருகில் வந்துவிட்டார். கன்னத்தில் பளாரென்று ஓர் அறை. "தொடாத தொடாதன்னு எத்தன தடவ சொன்னேன்!" என்று கத்தினார். அவர் என்னை அடித்தது அதுவே முதல் தடவை. அழக்கூட எனக்குத் தோன்றவில்லை. குழந்தையை யாரும் வேலையைவிட்டு நிறுத்த முடியாதல்லவா? மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "புதுப் பெட்டி என் செலவுல நானே அளவெடுத்துச் செஞ்சு தந்துடறேன் சார்" என்றார் அப்பா.

கப்பல் கண்ணாடி இல்லாமலே மேசைக்குப் போனது. முதலாளி அதன் மேல்தளத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பெட்டிக்குள் இருந்திருந்தால் அது முடிந்திருக்காது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்தார். கண்ணாடியை உடைத்த பெண் என்று மேனேஜர் என்னைக் காட்டிக்கொடுத்ததும், "கண்ணாடிதானேம்மா, பிடு, போனாப் போகுது" என்று பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகச் சொல்லி, பெரிய கேக் துண்டாகக் கொடுத்தார். அதை நான் தின்னவில்லை. அடுத்த மாத லிஸ்டில் அப்பாவின் பெயர் உண்டு என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

வழியெல்லாம் நான் அப்பாவின் கையைப் பிடிக்காமலே வந்தேன். அம்மாவிடமாவது உண்மையைச் சொல்வார் என்று காத்திருந்தேன். வேலையிலிருந்து வந்த அம்மா லிஸ்ட் விஷயம் கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகுதான் என் கன்னத்தைப் பார்த்தாள்.

"யாரு அடிச்சா? என்ன பண்ணுன?"

அப்பா வாயைத் திறந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு எப்படியோ இருந்தது.

"நான் கண்ணாடிய ஒடச்சிட்டேம்மா" என்றேன்.

அப்பா எழுந்து வாசல் குழாயடிக்குப் போனார். வெகுநேரம் முகம் கழுவினார். திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பர்மனென்ட் ஆனால் பெரியவர்கள் சந்தோஷத்தில் இப்படித்தான் அழுவார்கள்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.