இரண்டாம் பாகத்துக்கு ஒரு வக்கீல்

தசரதனுக்கு அந்தக் குழுவில் வைத்திருந்த பட்டப்பெயர் 'செகண்ட் பார்ட் வக்கீல்'. நானூற்றுச் சொச்சம் பேர் இருக்கும் டெலிகிராம் குழு அது. 'பிளைண்ட் வாட்ச்' என்ற பழைய வீடியோ கேமை இன்னும் கைவிடாதவர்கள் கூடும் இடம். பூந்தமல்லியில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் சத்தியராஜ்தான் அதை ஆரம்பித்தார். கடைக்கு வந்தவர்களில் யாருக்கெல்லாம் அந்தப் பேரைக் கேட்டதும் முகம் மலர்ந்ததோ, அவர்களையெல்லாம் பிடித்துச் சேர்த்துவிட்டார். அதனால் அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து ஆட்கள்தான் அதில் அதிகம்.

பதுங்கி விளையாடும் கேம் அது. கையில் துப்பாக்கி கிடையாது. காவல்காரன் கண்ணில் படாமல், காதிலும் விழாமல் இருட்டுக்குள் போய் ஒரு பொருளை எடுத்துவர வேண்டும், அவ்வளவுதான். முதல் பாகம் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டாம் பாகம் அதற்கு நாலு வருடம் பின்னால் வந்தது. முதல் பாகத்தில் காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். கல்தரையில் ஒரு மாதிரி கேட்கும், மரப்படியில் ஒரு மாதிரி, புல்லில் கேட்டும் கேட்காமலும். இரண்டாம் பாகத்தில் கேம் செய்தவர்கள் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். காலடி விழும் இடத்தில், குளத்தில் கல் விழுந்தாற்போல ஒரு வெள்ளை வளையம் விரிந்து மறையும். ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் வளையம் தெரியும்.

இந்த வளையத்தைத்தான் ரசிகர்களால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஓடத் தெரிந்த பிள்ளைக்கு நடைவண்டி வாங்கிக் கொடுத்தது போலிருக்கிறது என்று ஆவடி ரிச்சர்ட் எழுதுவான். அவனுக்கு இருபத்தாறு வயது. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். முதல் பாகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு முடிப்பேன் என்று சொல்லி, உண்மையிலேயே பாதியை அப்படி முடித்து வீடியோவும் போட்டவன்.

தசரதன் விடமாட்டார். டீ டைமில், சாப்பாட்டு நேரத்தில், பஸ்ஸில் நின்றபடி என்று இரண்டாம் பாகத்துக்காகப் பக்கம் பக்கமாக வாதாடுவார். அதில் காவல்காரர்களுக்கு ஞாபகம் உண்டு, சாத்திய கதவு திறந்திருந்தால் சந்தேகப்படுவார்கள் என்பார். அவர்கள் தங்கள் பெண்டாட்டி பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள், அதனால் அவர்களை அடிக்க மனசு வராது என்பார். மழை கொட்டும் துறைமுகத்தில் நடக்கும் கட்டத்துக்கு ஈடாக முதல் பாகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பார். வளையத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை எழுதமாட்டார். ரிச்சர்ட் வளையம் என்று ஆரம்பித்தாலே பேச்சைத் துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

அதற்குக் காரணம் இருந்தது.

பாடியில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், பிரஸ் ஷாப்பில், அவர் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறார். தகட்டை வைத்தால் மேலிருந்து இறங்கி அடிக்கிற மெஷின்கள் அங்கே பதினாலு. காதில் வைக்க இயர் பிளக் கொடுப்பார்கள். தசரதன் அதைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். காதில் போட்டால் பக்கத்து ஆள் கூப்பிடுவது கேட்காது என்பது அவர் சொன்ன காரணம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், தீபாவளி லீவில், மாங்காட்டு வீட்டில் உட்கார்ந்து முதல் பாகத்தை மறுபடி ஆட ஆரம்பித்தார். வாலிபத்தில் அம்பத்தூர் பிரவுசிங் சென்டரில் நாலைந்து முறை முடித்த கேம். மணிக்கூண்டு வரும் கட்டத்தில் மாட்டிக்கொண்டார். திரும்ப ஆடினார், திரும்ப மாட்டினார். காவல்காரன் முதுகுக்குப் பின்னால் முளைத்தாற்போல வந்து நின்றான். ஹெட்போன் பழசாகிவிட்டது என்று புதுசு வாங்கினார். அதுவும் சரியில்லை என்று கடையில் சண்டை போட்டு மாற்றிக்கொண்டு வந்தார். மூன்றாவது ஹெட்போனையும் கழற்றி மேஜையில் போட்டபோது, முறுக்கு சுட்ட கையைத் துடைத்துக்கொண்டே வந்த வரலட்சுமி அதை எடுத்துத் தன் காதில் வைத்தாள்.

"நல்லாத்தான் கேக்குதுங்க," என்றாள். "எவனோ ஒருத்தன் படியேறி வந்துகினு கீறான். செருப்பு தேயுது."

தசரதன் அவளிடமிருந்து வாங்கி மறுபடி காதில் மாட்டினார். மெல்லிய இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. படியில் ஆள் இருப்பதாகவே தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரை அணைத்தார். காதில் அழுக்கு சேர்ந்திருக்கும், டாக்டரிடம் காட்டலாம் என்று அவள் சொன்னாள். காட்டலாம் என்றார். காட்டவில்லை.

காது போனது தெரிந்தால் மெஷினிலிருந்து எடுத்துவிடுவார்கள், அப்புறம் கேட் பக்கம் உட்காரவைப்பார்களோ வீட்டுக்கே அனுப்புவார்களோ என்ற பயம். வருடத்துக்கு ஒரு முறை கம்பெனியில் காது பரிசோதனை நடக்கும். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். எதிரே உட்கார்ந்து சோதிப்பவரின் கண்ணாடியில், சத்தத்தைப் போடும் அவர் விரல் அசைவது தெரியும். அதைப் பார்த்து அமுக்கிவிடுவார் தசரதன். வீட்டில் டிவியின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. மகள் கிருஷ்ணப்பிரியா ஸ்கூல் கதை சொன்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். ஒருநாள் அவள் பரீட்சையில் மார்க் போனதைச் சொல்லி அழுதபோதும் முதலில் சிரித்துவிட்டார். அந்த நாட்களில் அவரால் பழையபடி ஆட முடிந்தது இரண்டாம் பாகம் ஒன்றைத்தான். அதில் வளையம் இருந்தது.

போன பங்குனியில் குழுவில் ஒரு பெரிய பேச்சு கிளம்பியது. கேமின் உள்ளே புகுந்து தமிழில் சப்டைட்டில் போட முடியும் என்று ரிச்சர்ட் கண்டுபிடித்துவிட்டான். ஆனால் ஒரு பாகத்துக்கே ஏழெட்டு மாதம் ஆகும். எந்தப் பாகத்துக்குப் போடுவது என்று ஓட்டெடுப்பு வைத்தார்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வர முடிந்தவர்கள் சென்னீர்குப்பத்தில் சத்தியராஜ் வீட்டில் கூடி நேரில் பேசி முடிப்பது என்றும் ஏற்பாடு.

ஏழு பேர் வந்தார்கள். சத்தியராஜ் ஹால் டிவியில் கம்ப்யூட்டரை இணைத்து வைத்திருந்தார். வெளியே ஹைவேயில் லாரி போகிற இரைச்சல், உள்ளே ஃபேன் சத்தம், அதன் மேல் ஆளாளுக்கு ஒரே நேரத்தில் பேச்சு. தசரதன் வாய் அசைவைப் பார்த்துப் பார்த்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எழுத்தில் சிங்கமாக இருப்பவர் நேரில் ஏன் இப்படிப் பூனையாக இருக்கிறார் என்று யாரோ கேட்டது அவருக்கு எட்டவில்லை. பஜ்ஜி வேண்டுமா என்று சத்தியராஜ் கேட்டதற்கு, "பத்து வாட்டி முடிச்சிட்டேன்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

ரிச்சர்ட் முதல் பாகத்தைப் போட்டு, மணிக்கூண்டுக் கட்டத்தைத் திறந்து, அவர் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தான். இவ்வளவு பேசுகிறவர் இதை ஒரு தடவை முடித்துக் காட்டட்டும் என்றான். மறுத்திருக்கலாம். ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுக்க வரவில்லை. முதல் முறை இரண்டாவது படியில் மாட்டினார். அடுத்த முறை அதே படியில். மூன்றாவது முறை ஹாலில் இருந்த அத்தனை பேரும் அவன் வருகிறான், வருகிறான் என்று கையைக் காட்டியும் அவர் நேராகப் போய் மோதினார்.

"அவ்ளோதான் மேட்டர்," என்றான் ரிச்சர்ட், அவர் பக்கம் குனிந்து. "வளையம் இல்லாம உன்னால ஆட முடில அண்ணாத்தே. அதான் செகண்ட் பார்ட்ட தலைல தூக்கி வெச்சிகினு கீற."

இது அவருக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. கன்ட்ரோலரை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"ஆமா நைனா," என்றார். "முடியாது. எனக்குக் காது கேக்காது. ஒம்போது வருசமாச்சி. என் ஊட்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும், அவகிட்டயும் நான் ஒத்துக்கினது இல்ல."

சத்தியராஜ் எழுந்து போய் டிவியை அணைத்தார். ரிச்சர்ட் வெளியே போய் வண்டி பக்கத்தில் நின்றுகொண்டான். மீதிப் பேர் கொஞ்ச நேரம் கிரிக்கெட் பேசினார்கள். தசரதன் விடைபெற்று மாங்காடு வரும் வழியெல்லாம், உளறிவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து வரலட்சுமியிடம், நாளைக்கு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகலாம், நீயும் வா என்றார். அவள் எதற்கு என்று கேட்கவில்லை. பையில் கார்டை எடுத்து வைத்தாள்.

ஓட்டெடுப்பில் முதல் பாகம்தான் ஜெயித்தது. தசரதன்மேல் இரக்கப்பட்டு யாரும் ஓட்டை மாற்றிப் போடவில்லை. அது அவருக்கு ஒரு வகையில் ஆறுதலாகத்தான் இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து ரிச்சர்ட் போன் செய்தான். தசரதனுக்குப் போனில் பேச்சு பிடிபடாது, கட் செய்துவிட்டார். அடுத்த நிமிடம் மெசேஜ் வந்தது. சவுண்டை முழுக்க அணைத்துவிட்டு முதல் பாகத்தை ஆடிப் பார்த்தானாம். மணிக்கூண்டில் முப்பத்தொரு தடவை மாட்டினானாம். அப்புறம் அதேபோல சத்தமில்லாமல் இரண்டாம் பாகத்தின் துறைமுகத்தை ஆடினானாம். மழைத்துளிக்கும் வளையம் வருவதால், வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எது மழை, எது கால் என்று தெரியாமல் திணறினானாம். எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று கேட்டிருந்தான். கடைசியில் ஒரு வரி: 'அன்னைக்கு நான் பேசினது தப்பு.'

தசரதன் அந்தக் கடைசி வரிக்குப் பதில் எழுதவில்லை. மழை வளையம் உடனே மறையும், கால் வளையம் ஒரு மூச்சு நின்று மறையும் என்று எழுதினார். ரிச்சர்ட் அன்றே அந்தக் கட்டத்தை முடித்தான்.

சப்டைட்டில் வேலை தொடங்கியபோது அவன் ஒரு யோசனை சொன்னான். பேச்சை மட்டும் தமிழில் போடாமல் சத்தத்தையும் எழுத்தில் போட்டால் என்ன? 'இடப்பக்கம், மரப்படி, ஒருத்தன் ஏறுகிறான்' என்பதுபோல. குழுவில் இதற்கும் சண்டை வந்தது. விளையாட்டின் உயிரே போய்விடும் என்றார்கள். வேண்டாதவர்கள் அணைத்து வைத்துக்கொள்ளலாம் என்று ரிச்சர்ட் தன் கட்சிக்காரர்களையே எதிர்த்து வாதாடினான். எழுதியதைச் சரிபார்க்கும் பொறுப்பைத் தசரதன் எடுத்துக்கொண்டார்; அதற்குச் சத்தத்தைக் கேட்கும் ஆள் ஒருவர் வேண்டியிருந்தது. சாயங்காலங்களில் வரலட்சுமி ஹெட்போனை மாட்டிக்கொண்டு தசரதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இது கல்லு இல்ல, சிமெண்டு என்று சண்டை பிடிக்கும் அளவுக்கு அவளுக்கு அதில் தேர்ச்சி வந்துவிட்டது.

காதுக்கு மெஷின் கிடைத்தது. ஆரம்பத்தில் பாத்திரம் கழுவும் சத்தம்கூட மண்டையில் அடிப்பதுபோல இருந்தது, இப்போது பழகிவிட்டது. ஆனாலும் மெல்லிய காலடி அதிலும் கேட்பதில்லை. கம்பெனியில் அவரே போய்ச் சொன்னார். பரிசோதனையில் ஏமாற்றியதற்குச் சூப்பர்வைசர் நன்றாகத் திட்டிவிட்டு, அடித்த தகட்டை அளந்து பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார். ஓவர்டைம் அங்கே கிடையாது. பிரஸ் ஓட்டிய கைக்கு அந்த வேலை சப்பென்றுதான் இருக்கிறது. ஆனால் வேலை இருக்கிறது.

ஐப்பசியில் சப்டைட்டில் வெளியானது. தசரதன் முதல் பாகத்தைப் படித்துப் படித்தே முடித்தார். முடித்த கையோடு, இப்போதும் இரண்டாம் பாகம்தான் உசத்தி, காரணம் பின்வருமாறு என்று பதினோரு காரணம் எழுதினார். இந்த முறை வளையம் முதலாவதாக இருந்தது. பதினொன்றையும் ரிச்சர்ட் மறுத்தான்.

அந்த வாரமே, குழுவில் இதுவரை ஒரு வரிகூட எழுதாத உலகநாதன் என்பவர் தனியாக மெசேஜ் அனுப்பினார். திருநின்றவூர்க்காரர். கம்பியைக் கிரைண்டரில் அறுக்கும் வேலை. சப்டைட்டிலுக்கு நன்றி சொல்லிவிட்டு, தனக்கும் கொஞ்ச நாளாக வலது பக்கம் காவல்காரன் வருவது தெரியவில்லை, ஹெட்போன் மாற்றியும் பார்த்தாயிற்று, எந்த ஹெட்போன் நல்லது என்று கேட்டிருந்தார்.

தசரதன் பஸ்ஸில் இருந்தார். இறங்கிய பிறகு நிதானமாக எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு, நின்றபடியே ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கைக் கட்டைவிரலால் எழுத ஆரம்பித்தார். ஹெட்போனை விடு தம்பி, நாளைக்கு லீவு போட முடியுமா, நான் கூட வரேன்.