துடக்கு வீட்டுக்கு வந்த அனுமதிக் கடிதம்

பின்னேரம் நாலரை மணிக்குத் தபால்காரர் படலையில் மணி அடித்தார். சித்தப்பாவைச் சுடலையில் எரித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தோம். தோய்ந்த ஈரம் காயாத கையோடு கடிதத்தை வாங்கினேன். மகளுக்குச் சர்வகலாசாலையில் இடம் கிடைத்திருந்தது. எங்கள் குடியேற்றத் திட்டத்தில் அதற்குமுன் ஒரு பிள்ளைக்கும் கிடைத்ததில்லை.

ஆனால் 'புரொவிஷனல்' அனுமதி என்று எழுதியிருந்தார்கள். அகராதியைப் பார்த்தேன். தற்காலிகமானது என்றிருந்தது. தருகிறார்களா, இல்லையா? நேராகச் சொன்னால் என்ன?

அண்ணர் சிரித்தார். "தம்பி, பொம்பிளை பாக்க வந்திட்டுப் போறவை உடனை முடிவு சொல்லுறவையே? பிறகு ஆள் அனுப்புவினம். இதுவும் அப்பிடித்தான்."

"பெரியப்பா, சம்மதம் எண்டு கையெழுத்து வைச்சு அனுப்ப ஒரு தாளும் இருக்குது" என்றாள் மகள்.

"செத்தவீட்டுத் துடக்குக் கழிய முன்னம் நல்ல காரியத்துக்குக் கையெழுத்தோ? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும் பிள்ளை" என்றார் அண்ணர்.

எனக்கு மனம் கேட்கவில்லை. ஆனால் உறுதியான கடிதம் ஒன்று பின்னால் வரும் என்றுதான் நானும் நம்பினேன். மகள் அந்தத் தாளை அலுமாரியில் வைத்தாள். தினமும் படலையைப் பார்த்தாள்.

அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு அவளுக்கு வரலாறு படிப்பித்த ரீச்சர் வந்தா. "எப்ப பயணம்?" என்று கேட்டா. உறுதிக் கடிதம் இன்னும் வரவில்லை என்றேன். பிசைந்த சோற்றை அப்படியே இலையில் விட்டுவிட்டா.

"ஐயோ, இடம் தந்தாச்சு. சான்றிதழைப் பார்த்துச் சரியெண்டு சொல்லுமட்டும் அப்பிடித்தான் எழுதுவினம். தவணைக்குள்ளை நீங்கள் சம்மதம் அனுப்பாட்டி இடத்தை அடுத்த ஆளுக்குக் குடுத்திடுவினமே!"

தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் போட்டிருந்த தவணை எப்போதோ முடிந்திருந்தது. மகள் எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். இத்தனை படித்த மனிதர்கள், வயல் செய்கிறவனுக்கும் விளங்குகிற மாதிரி ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? அந்த ஆத்திரத்தில் அண்ணரையும் திட்டினேன். அவர் தாளை எடுத்துக்கொண்டு, சர்வகலாசாலையில் நேரிலேயே கேட்டு வர அன்று பின்னேரமே கிளிநொச்சியில் ரயில் ஏறினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அண்ணர் படலையைத் திறந்தார். சவரம் செய்யாத முகம், கசங்கிய வேட்டி. மகள் ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"இடத்தை வேறை பிள்ளைக்குக் குடுத்திட்டாங்களாம், மோனை. உன்னை 'வெயிற்றிங் லிஸ்ற்' எண்ட ஒண்டிலை போட்டிருக்கிறாங்களாம். கிடைக்குமோ கிடையாதோ எண்டு எத்தினை தரம் கேட்டும் அந்தச் சொல்லைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுறாங்கள்."